கற்றுக்கொண்ட குழு ஏன் எண்களில் மோசமாகத் தெரிகிறது?

ஒரு நிறுவனம் தன் தயாரிப்பு உருவாக்கக் குழுக்களில் (புதிய பொருட்களை வடிவமைக்கும் குழுக்களில்) ஒன்றைத் தேர்ந்தெடுத்து ‘கற்றல் முயற்சி’ தொடங்குகிறது. வெளியிலிருந்து ஆலோசகர்கள் வருகிறார்கள், கூட்டம் நடத்தும் விதம் மாறுகிறது, சுவரில் புதிய வரைபடங்கள் ஏறுகின்றன. ஓராண்டு கழித்து அந்தக் குழுவில் இருந்தவர்களைக் கேட்டால் “வேலை செய்யும் விதமே மாறிவிட்டது” என்கிறார்கள். மேலிடத்தைக் கேட்டால் “பெரிதாகப் பலன் ஒன்றும் தெரியவில்லை” என்கிறார்கள். பக்கத்துக் குழுவோ “அப்படி ஒன்று நடந்ததா?” என்கிறது. இன்னும் ஓராண்டில் முயற்சி சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

மூவருமே தாங்கள் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். ஒரே விஷயம் மூவருக்கும் மூன்று விதமாகத் தெரிய என்ன காரணம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

ஒரு வகைப் பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கும் என்பதை ஒரு பொறியாளர் பட்டுத் தெரிந்துகொள்கிறார். அது அவர் கற்றது. அவர் வேறு வேலைக்குப் போன பிறகு வரும் புதியவரும் அந்தப் பிளாஸ்டிக்கைத் தொடாமல் இருந்தால், அது நிறுவனம் கற்றது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அந்த விவரம் ஒரு சரிபார்ப்புப் பட்டியலில் ஏறியிருக்கலாம், வடிவமைப்பு விதியாகியிருக்கலாம், அல்லது இடைவேளைப் பேச்சில் கதையாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இந்த ‘நடுவில் நடப்பது’தான் நிறுவனக் கற்றல்.

அமெரிக்க அறிஞர் கிறிஸ் ஆர்ஜிரிஸ் கற்றலை இரண்டாகப் பிரித்தார். அறை குளிர்ந்தால் ஹீட்டரைப் போட்டு, சூடானால் அணைக்கும் தெர்மோஸ்டாட் செய்வது ஒற்றை வளையக் கற்றல். “இந்த அளவை ஏன் வைத்திருக்கிறோம்?” என்று தெர்மோஸ்டாட் கேட்கத் தொடங்கினால் அது இரட்டை வளையக் கற்றல். உதிரிபாகம் தாமதமாகிறது என்று சப்ளையரை விரட்டுவது முதல் வகை. நம் வரைபடங்களே கடைசி வாரம்வரை மாறிக்கொண்டிருப்பது ஏன் என்று கேட்பது இரண்டாம் வகை. இரண்டாவது கேள்வி யாருக்கும் பிடிக்காது. அந்த அளவை வைத்தவர் பெரும்பாலும் அதே அறையில், மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார்.

1990-ல் பீட்டர் செங்கே எழுதிய நூல் ‘கற்கும் நிறுவனம்’ என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நிறுவனக் கற்றல் மையம் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் சேர்ந்தன, முன்னோடித் திட்டங்கள் நடந்தன. அப்புறம் கணக்கு கேட்கும் நேரம் வந்தது: இதற்குச் செலவழித்த பணத்துக்கு என்ன கிடைத்தது?

தொழிற்சாலையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது ஓரளவு எளிது. விமான உற்பத்தியை ஆராய்ந்த டி.பி. ரைட் 1936-லேயே காட்டினார்: மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்கான உழைப்பு ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்வதால் கற்றல் ஒரு கோடாகத் தெரிந்துவிடுகிறது. தயாரிப்பு உருவாக்கத்தில் அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு திட்டமும் முதல் தடவை. சந்தை வேறு, தொழில்நுட்பம் வேறு, ஆட்களும் வேறு. இன்று எடுத்த முடிவு சரியா என்பது இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தெரியும். அதற்குள் முடிவெடுத்தவர் வேறு துறைக்கு மாறியிருப்பார்.

## ஒரு கார் திட்டம்

இந்தச் சிக்கலை முழுதாகக் காட்டும் நிகழ்வு 1990-களில் ஓர் அமெரிக்கக் கார் நிறுவனத்தில் நடந்தது. அதை ஆவணப்படுத்திய எம்ஐடி ஆய்வாளர்கள் ஜார்ஜ் ராத்தும் ஆர்ட் கிளைனரும் நிறுவனத்துக்கு ‘ஆட்டோகோ’ என்றும் கார் திட்டத்துக்கு ‘எப்சிலான்’ என்றும் புனைபெயர் வைத்தார்கள்.

பொறியாளர்களிடையே எழுதாத ஒரு விதி இருந்தது: தீர்வு கையில் இல்லாமல் பிரச்சினையை வெளியே சொல்லாதே. தனியாகப் பார்த்தால் இது நல்ல பழக்கம்போலத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காரில் எல்லாமே ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒருவர் தன் பாகத்தின் கோளாறை மூன்று மாதம் மூடிவைத்தால், அதை நம்பித் தன் பாகத்தை வடிவமைத்த அடுத்தவரின் மூன்று மாத வேலையும் வீண். எப்சிலான் குழு இதை உட்கார்ந்து பேசி, காரண–விளைவு வளையங்களாக வரைந்து பார்த்தது. பிறகு விதியை மாற்றியது: பிரச்சினை தெரிந்த உடனே சொல்லலாம், தீர்வு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

விளைவு, மாற்றக் கோரிக்கைகள் குவிந்தன. வடிவமைப்பில் ஒன்றைத் திருத்த வேண்டும் என்று பொறியாளர் முறைப்படி பதிவு செய்வதுதான் மாற்றக் கோரிக்கை. மற்ற திட்டங்களில் இறுதிக் கட்டத்தில் வருவதெல்லாம் இங்கே ஆரம்பத்திலேயே வந்தது. மேலிடத்துக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும். இந்தத் திட்டம் கைமீறிப் போகிறது என்று முடிவு கட்டினார்கள். கார் கடைசியில் நல்லபடியாகவே வெளிவந்தது. திட்டத் தலைவருக்கோ பதவி உயர்வு கிடைக்கவில்லை. அவர் முன்கூட்டியே ஓய்வு பெற்று வெளியேறினார்.

இதில் எண்கள் எப்படி ஏமாற்றுகின்றன என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். இரண்டு குழுக்கள், ஒவ்வொன்றின் வடிவமைப்பிலும் 200 கோளாறுகள். முதல் குழு ஆறாவது மாதத்திலேயே 120 கோளாறுகளைப் பதிவு செய்துவிட்டது. இரண்டாவது குழு 30 மட்டும். ஆறாம் மாத ஆய்வுக் கூட்டத்தில் திட்டங்களின் நிலையைக் காட்டும் டாஷ்போர்டு முதல் குழுவைச் சிவப்பிலும் இரண்டாவதைப் பச்சையிலும் காட்டும். முதல் குழுவுக்கு மீதி 80. இரண்டாவதுக்கு மீதி 170, அதுவும் பாகங்களை உருவாக்கும் எஃகு அச்சுகளை வெட்டிய பிறகு, சப்ளையரோடு ஒப்பந்தம் போட்ட பிறகு வரப்போகிறவை. தாளில் ஒரு கோட்டை மாற்றுவதும் எஃகு அச்சை மாற்றுவதும் ஒரே செலவா? ஆனால் அந்தக் கூட்டத்தில் பாராட்டு வாங்கப்போவது இரண்டாவது குழுதான்.

## அளவுகோல் எங்கெல்லாம் வழுக்குகிறது

1. அதிகப் புகார் என்றால் அதிகத் தவறு என்று எடுத்துக்கொள்வது. ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களின் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்த எண்கள் தலைகீழாக இருந்தன, நல்ல குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகம். தோண்டிப் பார்த்தபோது, அந்தக் குழுக்களில் தவறைச் சொல்ல யாரும் பயப்படவில்லை என்பது புலப்பட்டது. மற்ற குழுக்களிலும் தவறு நடந்தது, ஏட்டில் ஏறவில்லை. எப்சிலான் கதையும் இதுவும் ஒன்றேதான். வேறு எதை மறந்தாலும் இந்த முதல் புள்ளியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

2. முதல் படியிலேயே நின்றுவிடுவது. பயிற்சிகளை மதிப்பிட டொனால்ட் கர்க்பாட்ரிக் 1959-ல் நான்கு படிகள் சொன்னார்: பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் படிக்கு ஒரு கருத்துப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, நேராக நான்காம் படிக்குத் தாவி லாபத்தைக் கேட்கின்றன. உண்மையில் கற்றல் தென்படும் இடம் மூன்றாம் படி. அதைப் பார்க்க யாராவது கூட்டத்தில் போய் உட்கார வேண்டும். படிவம் போதாது.

3. கவனித்ததாலேயே வந்த முன்னேற்றம். அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் 1924-ல் தொடங்கிய சோதனைகளில் விளக்கை ஏற்றினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியதாகச் சொல்லப்பட்டது. அந்தத் தரவுகளைப் பின்னர் மறுபடி ஆராய்ந்தவர்கள் கதை அவ்வளவு சுத்தமில்லை என்று காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் எச்சரிக்கை செல்லும். முன்னோடிக் குழுவுக்கு நல்ல தலைவர், ஆர்வமான ஆட்கள், மேலிடத்தின் பார்வை எல்லாம் கிடைத்திருக்கும். வெற்றியில் எது கற்றலால், எது இந்தச் சலுகைகளால்?

4. மோசமான குழுவைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குவது. மிக மோசமான ஆண்டுக்குப் பிறகு வரும் ஆண்டு, எதுவும் செய்யாவிட்டாலும், கொஞ்சம் மேலாகவே இருக்கும். சராசரியை நோக்கித் திரும்புவது எண்களின் குணம். இதைப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

5. அளவீட்டையே இலக்காக்குவது. “ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் 20 பாடங்கள் பதிவாக வேண்டும்” என்று விதி போட்டால் 20 பாடங்கள் வரும். “தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்” என்பது அவற்றில் பதினேழாக இருக்கும்.

## அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலில் பார்க்க வேண்டியது பிரச்சினையின் வயது. ஒருவருக்குச் சந்தேகம் தட்டிய நாளுக்கும் அது குழுவின் முன் வந்த நாளுக்கும் எத்தனை நாள் இடைவெளி? இது மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தால் கற்றல் நடக்கிறது, மொத்த எண்ணிக்கை ஏறினாலும் சரி. இந்தத் தகவலை வாங்குவது கடினமில்லை. கோரிக்கைப் படிவத்தில் “இது உங்களுக்கு முதலில் எப்போது தோன்றியது?” என்று ஒரு வரி சேர்த்தால் போதும். உண்மையான தேதி எழுதினால் திட்டு விழாது என்ற நம்பிக்கை மட்டும் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எல்லாப் படிவத்திலும் நேற்றைய தேதிதான் இருக்கும். அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்தது, திரும்ப வந்த தவறு. போன திட்டத்தில் அடிபட்ட அதே இடத்தில் இந்தத் திட்டமும் அடிபட்டதா? பத்துக் கோளாறுகளை எடுத்து, எத்தனை பழையவை, எத்தனை புதியவை என்று பிரித்துப் பார்த்தால், எந்தக் கருத்துக்கணிப்பையும்விடத் தெளிவான பதில் கிடைக்கும். புதுத் தவறு செய்யும் குழு முன்னேறுகிறது. பழைய தவறையே செய்யும் குழுவின் ஆவணக் கிடங்கில் எத்தனை ஆயிரம் பக்கம் இருந்தால் என்ன?

எண்ணில் அடங்காத ஒன்றும் உண்டு: கெட்ட செய்தியை முதலில் சொன்னவருக்குப் பிறகு என்ன ஆயிற்று? ஊழியர்கள் இதை நிறுவனத்தின் எந்த அறிவிப்பையும்விடக் கூர்ந்து கவனிக்கிறார்கள்.

இந்த எண்ணில் அடங்காத பகுதிக்காக ராத்தும் கிளைனரும் உருவாக்கிய வடிவம் ‘கற்றல் வரலாறு’. பக்கம் இரண்டு பத்தியாகப் பிரிந்திருக்கும். வலப்பக்கம் பங்கேற்றவர்களின் சொந்த வார்த்தைகள், பெயர் இல்லாமல் பதவி மட்டும். இடப்பக்கம் ஆய்வாளர்களின் குறிப்புகளும் கேள்விகளும். ஒரே நிகழ்வை ஒரு பொறியாளர் ஒரு விதமாகவும் ஒரு நிதி மேலாளர் வேறு விதமாகவும் சொல்லியிருப்பார்கள். இரண்டும் அடுத்தடுத்து அச்சாகும். எது சரி என்று ஆவணம் தீர்ப்பு சொல்லாது. தங்கள் மேற்கோள்களை வெளியாகும் முன் பங்கேற்றவர்கள் சரிபார்ப்பார்கள்.

வழக்கமான மதிப்பீட்டு அறிக்கை ‘நன்று’, ‘சுமார்’ என்று முத்திரை குத்திவிட்டு ஒதுங்கிவிடும், அந்த முத்திரையை வைத்து வேறு குழு எதையும் செய்ய முடியாது. கற்றல் வரலாற்றைப் படிப்பவர், அந்த நிதி மேலாளரின் இடத்தில் தான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று உணர வாய்ப்பிருக்கிறது. மதிப்பிடுவதும் பரப்புவதும் தனித்தனி வேலைகள் என்று நினைப்பதே தவறு என்பது என் கருத்து. அடுத்த குழு எடுத்துப் பயன்படுத்த முடியாத மதிப்பீடு, கோப்பில் கிடக்கும் மதிப்பெண்தான்.

இந்த முறைக்குக் குறையும் உண்டு. பேட்டிகள், எழுத்து, சரிபார்ப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். வெளிப்படையாக எழுதினால் மேலிடம் நெளியும், மழுப்பி எழுதினால் படிக்க ஆள் இருக்காது.

## பரவல்: பார்த்து நகலெடுத்தால் வருவதில்லை

ஜெனரல் மோட்டார்ஸ் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் ஆலையை 1982-ல் மூடியது. வேலைக்கு வராமை, சண்டை, தரக்குறைவு என்று கெட்ட பெயர் எடுத்த ஆலை. 1984-ல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே இடத்தில் ‘நம்மி’ என்ற நிறுவனம் தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் பழைய தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் அதேதான். கொஞ்ச காலத்திலேயே தரத்தில் அது ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளைத் தாண்டியது. அதே மாநிலத்தில் இருந்த வான் நைஸ் ஆலையில் இந்த முறையைக் கொண்டுவர முயன்றார்கள். ஒட்டவில்லை. 1992-ல் அந்த ஆலையே மூடப்பட்டது.

அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன ஒரு கதை உண்டு. ஒரு மேலதிகாரி தன் ஆளிடம், கேமராவோடு போய் நம்மியின் ஒவ்வோர் அங்குலத்தையும் படம் எடுத்து வந்து, நம் ஆலையையும் அப்படியே ஆக்கு என்றாராம். படத்தில் எது விழும்? கோளாறு கண்டால் தொழிலாளி இழுக்கும் கயிறு விழும். இழுத்ததும் மேற்பார்வையாளர் திட்டாமல் ஓடிவந்து உதவுகிறாரே, அது விழாது. கயிற்றை மாட்ட ஒரு நாள் போதும். அதை இழுக்கும் தைரியம் வர எத்தனை ஆண்டாகும் என்று யாரும் திட்டமிடுவதில்லை. தயாரிப்புக் குழுக்களில் இன்று நடப்பதும் இதேதான். செய்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் பின்னோக்குக் கூட்டம், ஒட்டுத் தாள், வண்ணப் பலகை எல்லாம் ஒரே வாரத்தில் பரவிவிடுகின்றன, அவற்றை வேலை செய்ய வைத்த உறவுமுறை பழைய குழுவிலேயே தங்கிவிடுகிறது.

எழுதிவைத்தால் பரவும் என்பது அடுத்த நம்பிக்கை. நாசாவில் ‘கற்ற பாடங்கள்’ தரவுத்தளம் இருந்தது. திட்ட மேலாளர்கள் அதை வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2002 ஜனவரியில் அறிக்கை தந்தது. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறியது. எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு உதிர்வது முந்தைய பயணங்களிலும் நடந்திருந்தது. ஒவ்வொரு முறையும் தப்பித்ததால் அது ‘சகஜம்’ ஆகிவிட்டது. நாசா கற்கும் நிறுவனத்தின் இயல்புகளைக் காட்டவில்லை என்று விசாரணைக் குழு எழுதியது, 1986-ன் சேலஞ்சர் விண்ணோட விபத்தின் எதிரொலிகளையும் சுட்டிக்காட்டியது.

சோம்பேறித்தனமும் ‘எங்கள் குழுவில் பிறந்ததில்லை’ என்ற வீம்பும்தான் தடை என்று பொதுவாக நினைக்கிறார்கள். கேப்ரியல் சுலான்ஸ்கி எட்டு நிறுவனங்களில் 122 நடைமுறை மாற்றல்களை ஆராய்ந்து 1996-ல் வெளியிட்ட முடிவு வேறு. ஆர்வக் குறைவைவிட மூன்று விஷயங்கள் பெரிதாக நின்றன.

1. வாங்கும் குழுவிடம் அதைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படை இல்லை.
2. அந்த நடைமுறை ஏன் பலன் தருகிறது என்பது கொடுக்கும் குழுவுக்கே முழுதாகத் தெரியாது.
3. இரண்டு குழுக்களுக்கும் இடையே பேச்சு வார்த்தை சுமுகமாக இல்லை.

இரண்டாவதைக் கவனியுங்கள். வெற்றி பெற்ற குழுவை மேடையேற்றி “உங்கள் ரகசியம் என்ன?” என்று கேட்டால் அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அது ரகசியமாக இருக்க வேண்டியதில்லை.

## எது நகர்கிறது

பயன்படுத்துபவர்களே எழுதித் திருத்தும் ஆவணம் நகர்கிறது. டொயோட்டாவின் பொறியாளர்கள் தங்கள் பாகத்துக்கான சரிபார்ப்புப் பட்டியல்களைத் தாங்களே பராமரித்து, ஒவ்வொரு திட்டம் முடிந்ததும் புதுப்பித்தார்கள். எந்த வளைவை உலோகத் தகட்டில் அழுத்த முடியும், எது கிழியும் என்ற அளவுக்கு விவரமாக. அடுத்த திட்டம் அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்கும், தேடிப் போய்ப் படிக்க வேண்டியதில்லை.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுபார்ப்பவர்களுக்காக 1990-களில் வந்த ‘யுரேகா’ முறையும் இப்படித்தான். ஒருவர் கண்டுபிடித்த உத்தியைச் சக பழுதுபார்ப்பவர்கள் சோதித்து ஏற்றுக்கொண்ட பிறகே அது எல்லோருக்கும் போகும், கண்டுபிடித்தவரின் பெயரோடு. இது தயாரிப்பு உருவாக்கம் இல்லை, சேவைப் பிரிவு. ஆனால் சக ஊழியரின் சோதனையும் பெயரும்தான் அதற்கு உயிர் கொடுத்தன என்பது இங்கும் பொருந்தும்.

ஆட்கள் நகர்ந்தால் கற்றலும் நகரும், ஒரு நிபந்தனையோடு. ஒருவரை மட்டும் புதுக் குழுவுக்கு மாற்றினால் அவர் ஆறு மாதத்தில் அந்தக் குழுவின் பழக்கத்துக்கு வந்துவிடுவார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் தங்களுக்குள் பேசிப் பழக்கத்தைக் காப்பாற்றிக்கொள்வார்கள்.

அமெரிக்க ராணுவத்தின் ‘செயலுக்குப் பிந்தைய ஆய்வு’ 1980-களில் ஃபோர்ட் இர்வின் பயிற்சி மையத்தில் வேரூன்றியது. கேட்பவை நான்கே கேள்விகள்: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வோம். பயிற்சி முடிந்த சூட்டோடு அதே ஆட்கள் உட்கார்ந்து பேசுவார்கள், சில நாளில் அதே ஆட்கள் மறுபடி களத்தில் இறங்குவார்கள். தயாரிப்புத் திட்டத்தின் முடிவில் நடக்கும் ‘பிரேதப் பரிசோதனை’க் கூட்டத்தில் இந்த இரண்டுமே கிடையாது. நினைவு மங்கியிருக்கும், குழு கலைந்திருக்கும். அதனால்தான் முன்மாதிரி முடிந்ததும் ஒன்று, அச்சு வெட்டும் முன் ஒன்று என்று திட்டத்தின் நடுவிலேயே வைத்துக்கொள்வது பலன் தருகிறது.

மேலாளர்கள் பொதுவாகச் செய்யாமல் விடும் ஒரு வேலையும் பாக்கி இருக்கிறது. முன்னோடித் திட்டம் தொடங்கும் முன்பே, அதை ஆய்வு செய்யப்போகும் மேலதிகாரிகளை உட்காரவைத்து, எந்தெந்த எண்கள் முதலில் மோசமாகும் என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றக் கோரிக்கைகள் ஏறும், ஆரம்பக் கூட்டங்கள் நீளும், சில முடிவுகள் தள்ளிப்போகும், எந்த மாதம்வரை என்று. எப்சிலானில் பொறியாளர்கள் புது விதிக்குப் பழகிவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய எண்களைப் படித்தவர்களிடம் இருந்தது பழைய விதி.